முத்தும் பன்றியும்: லெனாட் வூல்ஃபின் இருண்ட கதைகள்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். சென்ற இரண்டு வாரங்களிலும் இந்தத் தொடரில் ஆங்கில நாவலாசிரியர்களின் பேய்க் கதைகளைப் பற்றிப் பேசினேன் அல்லவா? எலிசபெத் காஸ்கெல் 1852இல் எழுதிய 'கிழத் தாதி சொன்ன கதை'யைச் சொன்னேன். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1866இல் எழுதிய 'சிக்னல்காரன்' கதையையும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர் கேட்கிறார்: "ஐயா, பனி மூட்டமும் பாழடைந்த மாளிகையும் அவர்களுடைய ஊர்ச் சாமான்கள். எங்களுடைய கரையில் அந்த இருட்டு விழவே இல்லையா?"

நல்ல கேள்வி. பதில் சொல்வதற்கு நான் இங்கிலாந்துவரை போகவேண்டியதில்லை. வெள்ளவத்தையில், நான் இருக்கும் வீட்டின் பின் யன்னலைத் திறந்தால் ரயில் பாதை. பாதைக்கு அப்பால் கடல். இந்தக் கடலோரத்தில் நடந்ததாக ஓர் ஆங்கில எழுத்தாளர் எழுதிய கதையும், இதே கடலின் வடமேற்குக் கரையில் அவர் கண்ணால் கண்டு எழுதிய கதையும் என் கைவசம் இருக்கின்றன. எழுதியவர் லெனாட் வூல்ஃப்.

வூல்ஃப் என்றதும் நம்மவர்க்கு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று, அவர் வேர்ஜினியா வூல்ஃபின் கணவர். மற்றது, அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமம் ஒன்றின் அழிவைச் சொல்லும் 'காட்டில் ஒரு கிராமம்' என்ற 1913ஆம் ஆண்டு நாவல். சிங்களத்தில் அதைப் 'பெத்தேகம' என்பார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் அதைப் படமாக்கினார். ஆனால் அவர் எழுதிய மூன்று சிறுகதைகளைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே குறைவு. தாமும் மனைவியும் நடத்திய ஹோகாத் அச்சகத்தில், 1921இல், 'கிழக்கின் கதைகள்' என்ற சிறு நூலாக அவற்றை வெளியிட்டார். மூன்றே கதைகள். மூன்றுக்கும் வித்து இலங்கையில் கிடைத்தது.

கதைகளுக்குள் போகுமுன் 'கொதிக்' என்ற சொல்லை ஒரு தடவை விளக்கிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த நேயர்களுக்கு அது தேவை. கோத்தியர் என்பது ரோமாபுரியை வீழ்த்திய சாதியாரின் பெயர். பிற்காலத்தவர் மத்திய கால ஐரோப்பாவின் கூரான கோபுரங்களையும் இருண்ட தேவாலயங்களையும் 'அநாகரிகக் கட்டடங்கள்' என்ற ஏளனத்தோடு அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஹொரஸ் வோல்போல் என்ற பிரபு 1764இல் 'ஒட்ராண்டோக் கோட்டை' என்ற கதையை வெளியிட்டார். அடுத்த பதிப்பில் அதற்கு 'ஒரு கொதிக் கதை' என்று உபதலைப்பு வைத்தார். அன்றிலிருந்து பாழடைந்த மாளிகையும், அதற்குள் பூட்டிவைத்த ஒரு பழைய பாவமும், அந்தப் பாவம் உருவெடுத்து இருட்டில் திரும்பி வருவதும் கொதிக் கதையின் இலட்சணமாயின. பேய் கட்டாயமில்லை, பாவம் கட்டாயம். காஸ்கெல்லின் கதையிலே பனியில் நின்று கதவைத் தட்டுகிற சிறுமி ஏன் பயமுறுத்துகிறாள்? அவளை அந்தப் பனிக்குள் துரத்தியவர்கள் வீட்டுக்காரர்களேதான்.

இப்பொழுது, ஒரு நாட்டையே அந்தப் பூட்டிய மாளிகையாக வைத்துப் பாருங்கள். வீட்டுக்காரன் வெள்ளைக்காரன். பூட்டிய அறை குடியேற்ற நாடு. அங்கே அவன் செய்தவை எல்லாம் ஒரு நாள் இரவு கதவைத் தட்டுகின்றன. ஜோசப் கொன்றாட் 1899இல் எழுதிய 'இருளின் இதயம்' இந்த வகைக்குத் தலைப்பிள்ளை. வூல்ஃபின் கதைகள் அதன் நிழலில் வளர்ந்தவை. அந்தக் கடனை மறைக்க அவர் முயலவுமில்லை. கதைக்குள் ஒருவன் இருந்து கதை சொல்ல மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் உத்திகூடக் கொன்றாட்டிடம் எடுத்ததுதான்.

வூல்ஃப் 1904 டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். வயது இருபத்துநான்கு. கேம்பிரிஜில் படித்த யூத இளைஞர். கூட வந்தவை ஒரு நாயும், வோல்டேயரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகளும். சிவில் சேவைக்கு வந்தவர் இப்படி ஒரு மூட்டையோடு வந்தால் கச்சேரிக் கிளாக்கர்மார் என்ன நினைத்திருப்பார்கள்! சில நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அப்போது வடக்குக்கு ரயில் அநுராதபுரம் வரைதான். அதற்குப் பிறகு தபால் வண்டியில் காட்டு வழியாக ஆனையிறவு. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்மேல் இருந்த பங்களாவில் குடியிருந்தார். 1907இல் கண்டி. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். கண்டியில் இருந்தபோது போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனைகளை முன்னின்று நிறைவேற்றவேண்டிய கடமையும் அவருக்கு விழுந்தது. அதைப் பற்றி 1961இல் வெளிவந்த தம் சுயசரிதைப் பாகமான 'வளர்தல்' நூலில் எழுதியிருக்கிறார். அதை இரவில் வாசிக்க வேண்டாம் என்று நான் சிலருக்குச் சொல்வதுண்டு.

இனி முத்துக் கதை. 1906ஆம் ஆண்டு பெப்ரவரி தொடக்கம் சில வாரங்கள், மன்னார்க் கரையில் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துச் சலாபத்துக்கு வூல்ஃப் அனுப்பப்பட்டார். முத்துக் குளிப்பு என்றால் நம் மனதில் வருவது பாண்டியரின் கொற்கையும் சங்கப் பாட்டும். பிரெஞ்சுக்காரர் பிஸே 1863இல் இலங்கையை வைத்து 'முத்துக் குளிப்போர்' என்று ஓர் இசை நாடகமே எழுதினார். நிலா, காதல், கோயில், ஆணையிட்ட நட்பு எல்லாம் அதில் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று. மணம்.

மணம் என்றா சொன்னேன்? நாற்றம். சலாபம் நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் வூல்ஃபின் கதை விளங்கும். வருடம் முழுதும் ஆளில்லாத வெறும் மணல் வெளியில், சில கிழமைகளுக்குள் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சனங்கள் கொண்ட ஒரு பட்டினம் ஓலையாலும் தடியாலும் எழும்பிவிடும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் நம் கரையிலிருந்தும் தமிழரும் முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும், வாங்குவதற்குச் செட்டிமாரும், பம்பாய் வியாபாரிகளும் வருவார்கள். விடியற்காலையில் வள்ளங்கள் பாருக்குப் போகும். குளியாளர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது 'கொட்டு' என்ற வேலியடைப்புக்குள் சிப்பிகளைக் கொட்டிப் பங்கு பிரிப்பார்கள். மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவனுக்கு. மூச்சைப் பிடித்தவனுக்கு ஒரு பங்கு, நாற்காலியில் இருந்தவனுக்கு இரண்டு பங்கு! அரசாங்கப் பங்கை அன்றிரவே ஏலம் விடுவார்கள்.

சிப்பியை வாங்கியவன் அதைக் கத்தியால் பிளப்பதில்லை. பிளந்தால் முத்து தவறிவிடும். அழுக விடுவான். கோடிக்கணக்கான சிப்பிகள் வெயிலில் நாட்கணக்காக அழுகும். ஈ மொய்க்கும். புழு சதையைத் தின்னும். கடைசியில் மிச்சத்தைக் கடல் நீரில் கழுவி, அடியில் கிடக்கும் முத்தைப் பொறுக்குவார்கள். இலண்டன் சீமாட்டியின் கழுத்துக்கு ஏறிய வெண்முத்து இந்தப் புழுவுக்குள்ளிருந்து பொறுக்கியதுதான்.

இதைக் கண்ட வூல்ஃப் எழுதிய கதைக்குப் பெயர் 'முத்தும் பன்றியும்'. பன்றிகளுக்கு முன்னே முத்தைப் போடாதே என்ற மத்தேயு சுவிசேஷ வாசகத்திலிருந்து பிறந்த தலைப்பு. கதை தொடங்குவது மன்னாரில் அல்ல, இங்கிலாந்தின் டோர்க்கீ நகரில், ஒரு கடலோர ஹோட்டலின் புகைபிடிக்கும் அறையில். குளிர்காய நெருப்பு. சுற்றிவரச் சில கனவான்கள். ஒருவர் பங்குத் தரகர், ஒருவர் பாதிரியார். இருவரும் கிழக்கத்தேயத்தைக் கண்டதில்லை. ஆனால் கறுத்த மனிதரை எப்படி ஆளவேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயமே கிடையாது. அந்த மூலையில் ஒரு சிறிய, உலர்ந்த மனிதர் இருக்கிறார். கிழக்கில் நெடுங்காலம் கமிஷனராக இருந்தவர். அவர் கருத்து எதுவும் சொல்வதில்லை. நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி, ஒரு முத்துச் சலாபத்தின் கதையைத் தொடங்குகிறார்.

அங்கே அவரோடு இருந்த வெள்ளையர் இருவர். ஒருவன் றொப்சன், பரீட்சை பாஸ்பண்ணிப் புதிதாக வந்த இளைஞன். நாட்டை ஆள்வதற்குத் தலை நிறையக் கொள்கை வைத்திருப்பவன். மற்றவன் பெயரே வைற், அதாவது வெள்ளை. பல ஆண்டுகள் கிழக்கில் அலைந்து, குடித்து, எதையெல்லாமோ செய்து, கடைசியில் முத்தில் பணம் பண்ண வந்தவன். நாற்றத்திலும் வெக்கையிலும் வேலை நடக்கிறது. வைறுக்குக் குடிவெறிப் பித்து ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கண்டு அலறுகிறான். கட்டிப்போட வேண்டியதாயிற்று. கட்டப்பட்ட நிலையில், தன் வாழ்நாளில் இந்த நாடுகளின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தான் செய்த கொடுமைகளை எல்லாம் உரத்த குரலில் ஒவ்வொன்றாகக் கத்துகிறான்.

கேட்டீர்களா, பூட்டிய அறை திறந்துவிட்டது! காஸ்கெல்லின் கதையில் பனியில் நிற்கும் பிள்ளை செய்வதை இங்கே சாகப்போகிறவனின் வாயே செய்கிறது. மாளிகை இல்லை, கோபுரம் இல்லை. இருப்பது ஓலைக் கொட்டிலும் அழுகும் சிப்பியும்தான். ஆனாலும் நான் வாசித்த கொதிக் கதைகளில் இவ்வளவு வெக்கையான இரவு வேறு எதிலும் இல்லை. கொள்கை நிறைந்த றொப்சனுக்கு அந்த இரவில் அவனுடைய கொள்கை ஒன்றும் கைகொடுக்கவில்லை.

வைற் சாகிறான். அதே வேளையில் வள்ளம் ஒன்று கரைக்கு வருகிறது. கடலுக்குள் மூச்சு நின்றுபோன ஓர் அராபியக் குளியாளனின் உடலைத் தோழர்கள் இறக்கிக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் அழுகிறார்கள், மதிப்போடு நிற்கிறார்கள், அடக்கம் செய்ய எடுத்துப் போகிறார்கள். இரண்டு சாவுகளையும் அருகருகே வைத்துவிட்டு வூல்ஃப் ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லவில்லை. டோர்க்கீயின் நெருப்படிக்குக் கதை திரும்பும்போது தரகரும் பாதிரியாரும் அது ஏதோ விதிவிலக்கான சம்பவம் என்று சமாளிக்கிறார்கள். பன்றி யார் என்று வாசகனுக்கு அப்போது விளங்கும். வைற் மட்டும் அல்ல.

அந்த அராபியனின் சாவு கற்பனை அல்ல. மறிச்சுக்கட்டியில் தாம் கண்ட அத்தகைய ஒரு சாவையும், அந்தத் துக்கத்தின் கம்பீரத்தையும் வூல்ஃப் ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் 'வளர்தல்' நூலில் மறுபடி எழுதினார். அவ்வளவு காலம் அது அவரை விடவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனை நேயர் பாழடைந்த மாளிகை கேட்டாரே, அதுவும் அந்தக் கரையில் இருக்கிறது. ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்காக அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். 1801இல் தொடங்கி 1804இல் முடிந்தது. கிரேக்கத் தூண் பாணி. இன்று சுவர்கள் சரிந்து, கடல் அரித்து, செங்கல் எலும்பாக நிற்கிறது. ஊரவர்கள் அதை நோர்த்தின் மாளிகை என்று சொல்வதில்லை. அல்லி ராணி கோட்டை என்கிறார்கள். ஆண்களை அடக்கி ஆண்ட நம்முடைய கதை ராணியைக் கொண்டுபோய் வெள்ளைத் துரையின் வீட்டில் குடியிருத்திவிட்டார்கள். அந்தக் கரையில் இன்னுமொன்று: சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்ற மந்திரக்காரர் இல்லாமல் குளியாளர் இறங்கமாட்டார்கள். அவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்ததாக எமேர்சன் டெனன்ற் 1859இல் எழுதியிருக்கிறார். மந்திரவாதிக்குச் சம்பளப் பட்டியல் போட்ட ஒரே கச்சேரி அதுவாக இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தை வைத்து எழுதிய 'இரு பிராமணர்கள்' கதையைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. அடுத்தடுத்த வளவில் இருக்கும் இரண்டு பிராமணர்கள். ஒருவருக்குக் கடல்நீரேரியில் வலை வீசி மீன் பிடிக்க ஆசை. மற்றவர் காசை மிச்சம் பிடிக்கத் தாமே கிணறு தோண்டி மண் சுமக்கிறார். சாதி போய்விடுகிறது, தலைமுறை தலைமுறையாகப் பகை நீள்கிறது. கிண்டல் கதை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் சாதியின் கடிவாளம் யார் கையில் இருந்தது என்பது நமக்குத் தெரியும். அது பிராமணர் கையில் அல்ல, வேளாளர் கையில். இரண்டரை வருடம் அங்கே இருந்த வூல்ஃபுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? இங்கிலாந்து வாசகனுக்குச் சாதி என்றால் பிராமணன் என்றால்தான் விளங்கும் என்று எண்ணி எழுதிவிட்டார் போலும். அதனால் கதை மெலிந்துபோயிற்று.

என்னை உண்மையில் தூங்கவிடாத கதை மூன்றாவது. 'நிலவொளியில் சொன்ன கதை'. நடக்கும் இடம் நம்முடைய கொழும்பு.

இதுவும் கேட்போர் கூட்டத்தில் சொல்லப்படும் கதைதான். இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரைத் தோட்டம், நிலா, தூரத்தில் ஒரு காதலர் சோடி. காதலைப் பற்றி நண்பர்கள் உருகிப் பேச, ஜெசொப் என்ற கசந்த மனிதன் குறுக்கிட்டுத் தான் கண்ட ஒரேயொரு உண்மைக் காதலைச் சொல்கிறான். ரேனல்ட்ஸ் என்ற நாவலாசிரியன் கொழும்புக்கு ஜெசொப்பிடம் வருகிறான். வாழ்க்கையைப் பார்க்கவேண்டுமா, வா என்று ஜெசொப் அவனை ஓர் இரவு வேசி வீடொன்றுக்குக் கூட்டிப்போகிறான். அங்கே செலஸ்டினாஹாமி என்ற சிங்களப் பெண்ணின் கண்களில் ரேனல்ட்ஸ் விழுந்துவிடுகிறான். பித்துப் பிடித்துத் தற்கொலை செய்யும் கட்டம் வரை போகிறான். கடைசியில் அவளைக் காசு கொடுத்து மீட்டு, கடலோரத்தில் ஒரு சிறு பங்களாவில் குடிவைக்கிறான். சில காலம் போகிறது. அந்தக் கண்களுக்குப் பின்னால் தான் தேடியது ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. சலிக்கிறது. அவனுடைய மாற்றத்தைக் கண்ட அவள், வெள்ளைச் சீமாட்டியைப்போல இருந்தால் பிடிக்குமாக்கும் என்று இடைக்கச்சும் வெள்ளைக் காலுறையும் சப்பாத்தும் வாங்கி அணிகிறாள். அவன் கப்பலேறிவிடுகிறான். அதே உடுப்போடு அவளுடைய உடல் கடலில் மிதக்கக் காணப்படுகிறது.

இந்தக் கதையை நான் முதலில் வாசித்தது இளமையில். இரக்கமான கதை என்று நினைத்தேன். வயது போகப் போக எனக்கு ஒரு கேள்வி முளைத்தது. ஜெசொப் அவளை விலங்குகளோடு ஒப்பிடுகிறான். அவளுக்குச் சிந்தனை இல்லை என்கிறான். சரி, அது ஜெசொப்பின் வாய். ஆனால் கதை முழுவதிலும் அவளாக யோசித்த ஒரு வரி, அவளாகச் சொன்ன ஒரு நியாயம் எங்கே? சிந்தனை இல்லாதவளா கடையில் போய்க் காலுறை வாங்கினாள்? தான் நேசிப்பவன் எதைத் தேடுகிறான் என்று அவள் ஊகித்திருக்கிறாள், திட்டமிட்டிருக்கிறாள், தோற்றிருக்கிறாள். நாவலாசிரியன் செய்யவேண்டிய வேலையை அவளே செய்திருக்கிறாள். அதை எழுதியவர் கண்டாரா, காணாமலே எழுதினாரா? இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இலங்கையிலிருந்து நண்பர் லிற்றன் ஸ்ட்ரேச்சிக்கு எழுதிய கடிதங்களில் வூல்ஃப், ஓர் இரவு துப்பாக்கியை எடுத்து, உயிலும் எழுதி, சுட்டுக்கொள்ள ஆயத்தமானதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே ரேனல்ட்ஸின் இருட்டு அவருடைய சொந்த இருட்டு. அதை உள்ளிருந்து அறிந்தவர். செலஸ்டினாஹாமியின் இருட்டை வெளியே நின்றுதான் பார்த்தார்.

இப்போது வெள்ளவத்தைக்கு வருகிறேன். வூல்ஃப் போய்ப் பதினெட்டு ஆண்டுகளின் பின், 1929இல், பப்லோ நெருடா என்ற இருபத்துநான்கு வயதுச் சிலி நாட்டுக் கவிஞர் கொழும்பில் தம் நாட்டுக் கொன்சலாக வந்து சேர்ந்தார். வூல்ஃப் வந்திறங்கிய அதே வயது. குடியிருந்தது வெள்ளவத்தையில், கடலோரத்தில் ஒரு சிறு பங்களாவில். அவருடைய நினைவுக் குறிப்புகள், அவர் இறந்த பின் 1974இல் வெளிவந்தன. அதில் வூல்ஃபைப் பற்றியும் வருகிறது. குடியானவன் ஒருவனின் குடிசையை எரிக்க மறுத்ததால் வேலை நீக்கப்பட்டவர் என்று எழுதி, அவருடைய நாவலைப் புகழ்கிறார். அந்தத் தகவல் பிழை. வூல்ஃபை யாரும் நீக்கவில்லை. விடுமுறையில் போனவர் 1912இல் தாமாகவே பதவி விலகி, வேர்ஜினியாவை மணந்தார். ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல.

அதே நூலில் நெருடா தம் வெள்ளவத்தை வீட்டின் மலகூடத்தைத் துப்புரவு செய்ய விடியற்காலையில் வந்துபோன ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றி எழுதுகிறார். ஒதுக்கப்பட்ட சாதிப் பெண். தலையில் வாளி. அவர் பேசிப் பார்த்தார், வழியில் பரிசுகள் வைத்துப் பார்த்தார். அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவள் கண்ணைத் திறந்தபடியே சிலைபோலக் கிடந்தாள் என்றும், தம்மை அவள் வெறுத்தது நியாயமே என்றும் அவரே எழுதியிருக்கிறார். மறுபடி அது நடக்கவில்லையாம். 2018இல் சிலியின் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட யோசித்தபோது பெண்கள் எழும்பி நின்று எதிர்த்தது இந்தப் பக்கத்தைக் காட்டித்தான். நம் நாட்டில் அசோக ஹந்தகம அதை வைத்து 2021இல் 'அல்பொராடா' என்ற படத்தை எடுத்தார்.

வூல்ஃபின் கற்பனையில் கடலோரப் பங்களா, விலைக்கு வாங்கிய பெண், பேசாத கண்கள். பின்னாளில் அதே கடலோரத்தில், நிசமாகவே, பேசாத கண்கள். ஒரு வித்தியாசம். செலஸ்டினாஹாமிக்குப் பெயராவது இருந்தது.

இதை வாசித்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. உலக மகாகவியாம்! நூலை மூடி வைத்துவிட்டு யன்னலடியில் நின்றேன். அப்போதுதான் எனக்கு நாங்கள் சிறுவயதில் கொட்டாஞ்சேனையில் இருந்த வீட்டின் பின் ஒழுங்கை ஞாபகம் வந்தது.

பழைய கொழும்பு வீடுகளில் வாளி மலகூடம். அதற்குப் பின்புறம் ஒரு சிறு கதவு, கதவுக்கு வெளியே ஒடுக்கமான ஒழுங்கை. விடியப்புறத்தில் ஒரு பெண் வந்து எடுத்துப் போவாள். தகரக் கதவு கிறீச்சிடும். வாளி உரசும். காலடி ஓசை தேய்ந்து போகும். அப்பம்மா எங்களைப் படுக்கவைக்க, "அசையாமல் படு, பின் ஒழுங்கையில் மோகினி போகுது" என்பார். நாங்கள் போர்வைக்குள் சுருண்டுகொள்வோம். பகலில் கூட அந்த ஒழுங்கைக்குப் போகமாட்டோம். அண்ணா ஒருமுறை பந்தயம் பிடித்து அதற்குள் ஓடிப்போய்த் திரும்பிவந்தது எங்களுக்குள் பெரிய வீரக்கதை. எத்தனையோ வருடம் அந்த ஓசையைக் கேட்டேன். அவள் முகத்தை நான் கண்டதில்லை. அவள் தமிழ்தான் பேசியிருப்பாள். அம்மாவிடம் ஒருமுறை, அம்மாவின் கடைசிக் காலத்தில், அவளுடைய பெயர் என்ன என்று கேட்டேன். அம்மா யோசித்துப் பார்த்தார். "ஆரடா அவளிட்ட பேர் கேட்டது?" என்றார்.

நம்முடைய எழுத்திலும் இந்த இருட்டைத் தேடினேன். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை நேயர்கள் அறிவீர்கள். 1943இல் வந்த கதை. படித்த எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்குள் பிச்சைக்காரியின் உருவில் நுழையும் பயம். தமிழில் கொதிக் என்றால் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். நான் காட்டுவது வேறொன்று. 1935இல் 'மணிக்கொடி'யில் வந்த 'துன்பக்கேணி'. பேய் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழிகிற கதை. அங்கேயும் துரை இருக்கிறான், பங்களா இருக்கிறது. ஆனால் மருதிக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, கோபம் உண்டு, வயிறு உண்டு. கதை அவளோடு நடக்கிறது. பங்களாவுக்குள் இருந்து அவளைப் பார்ப்பதில்லை. மலையகத்தை மையமாக வைத்த அந்தக் கதையை நாம் இலங்கைப் பாடப்புத்தகங்களில் போதிய அளவு வாசித்தோமா என்பதை ஆசிரியர்கள்தான் சொல்லவேண்டும்.

இதற்காக வூல்ஃபை ஒதுக்கிவைக்க நான் சொல்லவில்லை. தம் சாதியாரின் வாயாலேயே தம் சாதியாரின் பாவத்தைக் கத்தவைத்த துணிவு 'முத்தும் பன்றியும்' கதையில் இருக்கிறது. 1921இல் அது சிறிய துணிவல்ல. பிற்காலத்தில், 1938இல், இலங்கைக்குச் சுவிஸ் முறையிலான சமஷ்டியையும் ஆலோசிக்கவேண்டும் என்று பிரித்தானியத் தொழிற்கட்சிக்கு எழுதியவரும் அவரேதான். யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு சட்டத்தரணியைக் குதிரைச் சவுக்கால் அடித்தார் என்று ஊரார் மகஜர் அனுப்பியதும் உண்டு. தாம் அடிக்கவில்லை என்றார். ஆனால் தம்மை அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணம் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குள் முளைவிட்டது என்பதை 'வளர்தல்' வாசிக்கிறவர் உணரலாம்.

அவருடைய நாவலின் முடிவில் காடு கிராமத்தை விழுங்குகிறது. கடைசியாய் மிஞ்சிய புஞ்சி மெனிக்கா குடிசைக்குள் கிடக்க, இருட்டில் ஒரு பெரிய காட்டுப் பன்றி வாசலுக்கு வருகிறது. அங்கேயும் பன்றிதான். அந்த அத்தியாயத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். நூல் கிடைக்கிறவர்கள் முன்கூட்டியே ஒரு தடவை வாசித்து வையுங்கள்.

கொட்டாஞ்சேனை நேயருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய தெருவின் பெயரை நான் அறிவேன். எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. பின் ஒழுங்கைகள் பல இப்போது கட்டடங்களுக்குள் போய்விட்டன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால், விடியப்புறத்தில் அந்த வழியாக வந்துபோனவர்களில் ஒருவருடைய பெயராவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.